36 பாகையின் விந்தை

பாரசீகத்தின் இஸ்பஹான் நகரில் 1453-ஆம் ஆண்டில் எழுந்த தர்பெ இமாம் என்னும் புனித சமாதி மண்டபத்தின் வாயில் வளைவை அண்ணாந்து நோக்கும் யாத்திரிகன், நட்சத்திரங்களும் பலகோணங்களுமாகப் பின்னிப் படர்ந்த அந்த ஓட்டுச் சித்திரத்தின் சௌந்தரியத்தில் லயித்துப் போவானேயன்றி, க்ஷேத்திர கணிதத்தின் கடினமானதொரு பிரச்னை தன் தலைக்கு மேலே தீர்க்கப்பட்டிருக்கிறது என்பதை எளிதில் உணரமாட்டான்.

சதுரமும் அறுகோணமும் சாதுவானவை. எத்தனை அடுக்கினாலும் இடைவெளி விடாமல் தளத்தை மூடிவிடும். ஐங்கோணமோ அடங்காதது. அதன் மூலையின் அளவு 108 பாகை. மூன்றை ஒரு புள்ளியில் சேர்த்தால் 324 பாகைதான் நிரம்பும். மிஞ்சும் 36 பாகைச் சந்தில் நான்காவது நுழைய மறுக்கும். அந்த அடங்காமையையும் மீறி அமைந்த இத்தகைய கோலங்களையெல்லாம் சிற்பிகள் அளவுகோலையும் கவராயத்தையும் கொண்டே வரைந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் நெடுங்காலம் கருதி வந்தார்கள். பத்தாம் நூற்றாண்டிலேயே அபுல் வஃபா என்ற கணித மேதை கைவினைஞருக்கென்று ஒரு நூல் இயற்றியதும் உண்மையே. ஆயினும் பெரிய சுவரொன்றில் கோடு கோடாக இழுத்துக்கொண்டே போனால், மயிரிழைப் பிசகுகள் ஒன்றுகூடி முடிவில் கோலத்தையே குலைத்துவிடும் அல்லவா?

2007-இல் பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் வேறொரு மார்க்கத்தை எடுத்துக்காட்டினார்கள். தசகோணம், ஐங்கோணம், நீண்ட அறுகோணம், சாய்சதுரம், உடுக்கைபோல் இடை சிறுத்த ஒன்று ஆக ஐந்தே வடிவங்களை ஒட்டிச் சேர்ப்பது அந்த மார்க்கம். பக்கங்கள் யாவும் சம நீளம். மூலைகள் யாவும் 36-இன் மடங்கு. தசகோணத்தின் 144 பாகை மூலையோடு இரண்டு ஐங்கோண மூலைகளைச் சேர்த்தால், ஐங்கோணத்தால் மட்டும் ஆகாத 360 பாகை கனகச்சிதமாக நிரம்பிவிடுகிறது. ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியிலும் இரண்டு கோடுகள் குறுக்கிட்டுச் செல்வதால், எந்த வடிவத்தை எதனோடு ஒட்டினாலும் கோடு முறியாமல் அடுத்ததற்குள் ஓடும். சுவரில் நாம் காண்பது இக்கோடுகளை மட்டுமே. வடிவங்களின் எல்லைகள் மறைந்துவிடுகின்றன. இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் உள்ள பழைய சித்திரச் சுருளிலோ அந்த எல்லைகள் மெல்லிய செம்புள்ளிகளாகவே குறிக்கப்பட்டிருக்கின்றன.

தர்பெ இமாமில் பெரிய கோலத்தின் ஒவ்வொரு வடிவத்துக்குள்ளும் அதே வகை வடிவங்கள் சிறிய அளவில் நிரப்பப்பட்டிருக்கின்றன. இவ்வாறே முடிவின்றிப் பகுத்துச் சென்றால், ஒருபோதும் தன்னைத் திரும்பச் சொல்லாத கோலம் பிறக்கும். அத்தகைய கோலத்தைக் கணித அறிஞர் ரோஜர் பென்ரோஸ் ஆராய்ந்தது 1970-களில்தான்; உலோகக் கலவையொன்றில் அணுக்களே அவ்விதம் அமைந்திருக்கக் கண்ட டான் ஷெக்ட்மன் என்ற விஞ்ஞானிக்கு 2011-இல் நோபல் பரிசு கிட்டியது. தர்பெ இமாம் கோலத்தைக் கொண்டு, பாரசீகக் கொத்தர்கள் திரும்பாத கோலத்தின் தத்துவத்தை முற்றும் அறிந்திருந்தார்கள் என்று முழங்குவது, என் அபிப்பிராயத்தில், பக்தி மிகுதியே. பென்ரோஸ் தம் கோலத்துக்குக் கையாண்ட ஓடுகளாக மாற்றி எண்ணினால் அச்சுவரில் சுமார் 3,700 தேறும். அவற்றுள் ஓடுகளை ஒட்டும் விதி பிறழ்ந்து பொருந்திய இடங்கள் 11. சிலவற்றைச் சற்றே மாற்றி வைத்தால் நேராகிவிடக்கூடிய பிழைகள்தாம் அவை. கட்டியவர் கை தவறியதோ, பிற்காலத்தில் பழுது பார்த்தவர் இடம் மாற்றிப் பதித்ததோ, இரண்டுக்கும் இடமுண்டு.