எதிர்பார்த்தது 580, வந்தது 561

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளில் நம் தெருக்களில் இப்படி ஒரு காட்சியைப் பார்க்கலாம். 600-க்கு 561 வாங்கிய பெண் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். எதிர் வீட்டில் 412 வாங்கிய பையன் வீடு வீடாக ஸ்வீட் கொடுத்துக்கொண்டிருப்பான். அவள் எதிர்பார்த்தது 580. அவனுக்குப் பாஸானாலே போதும்.

மூளை போடும் கணக்கு

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ராப் ரட்லெட்ஜ் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. பந்தயம் கட்டும் விளையாட்டு ஒன்றை ஆடவிட்டு, 'இந்த நிமிஷம் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள்?' என்று இடையிடையே கேட்டார்கள். செல்போன் செயலி வழியாக மட்டும் 18,000 பேருக்கு மேல் ஆடினார்கள். எவ்வளவு ஜெயித்தார்கள் என்பது பெரிதாகத் தெரியவில்லை; நினைத்ததைவிடக் கூடுதலாக வந்ததா என்பதே சந்தோஷத்தை ஏற்றி இறக்கியது.

குரங்குகளை வைத்து வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் செய்த ஆய்வுகளிலும் இதே கதைதான். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் மூளையின் டோபமைன் நரம்பணுக்கள் துள்ளுகின்றன. வழக்கம்போலக் கிடைத்தால் சலனமில்லை. வரவேண்டிய நேரத்தில் வராவிட்டால், இருந்த துடிப்பும் அடங்குகிறது. சம்பள உயர்வின் குஷி மூன்றாம் மாதம் காணாமல் போவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அப்படியென்றால் எதையும் எதிர்பார்க்காமல் இருந்துவிடலாமா?

பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்லது வரும் என்று காத்திருப்பதும் மனதுக்கு ஊட்டம்தான் என்று ரட்லெட்ஜ் ஆய்வே காட்டுகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்த அன்றே பாதிப் பண்டிகை தொடங்கிவிடுகிறதே! சிக்கல், அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கை நம் பிள்ளைக்கு அளவாக வைக்கும்போதுதான்.

"சொல்லித்தான் தெரியணுமா?"

வாய்விட்டுச் சொல்லாத எதிர்பார்ப்பும் ஏமாற்றத்தில்தான் முடியும்; பல குடும்பச் சண்டைகளின் அடியில் இந்த ஒரு கேள்வி கிடக்கும். ஆமாம், சொன்னால்தான் தெரியும். 'உங்களுக்கு என் மேல அக்கறையே இல்லை' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் பதிலுக்குச் சண்டைதான் வரும். 'ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை நீங்க பார்த்துக்கோங்க, நான் ஒரு மணி நேரம் கூடத் தூங்கிக்கிறேன்' என்றால் காரியம் நடக்கும்.

ஏமாற்றமா, மனச்சோர்வா?

ஏமாற்றம் பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். இரண்டு வாரம் கடந்தும் தூக்கம் கெட்டு, பசி குறைந்து, பிடித்த விஷயத்திலும் நாட்டமில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அப்படி இருப்பவர்களிடம் போய் 'ஆசையைக் குறைச்சுக்கோ' என்று உபதேசிக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ரிசல்ட் வரும் வாரத்தில் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த எண்ணை இப்போதே செல்போனில் பதிந்துவையுங்கள்.