கடல்மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாசித் தொட்டி

அலங்காரக் கடல்மீன் வியாபாரத்தில் மீன் கிடைப்பது ஒரு கஷ்டம் என்றால், கிடைத்த மீனை விமானத்தில் ஏற்றும் நாள் வரை உயிரோடு வைத்திருப்பது அதைவிடப் பெரிய கஷ்டம். சுழியோடிகளுக்குக் கொடுத்த பணம், கடல்நீர் ஏற்றிய லொறிக் கூலி, மின்கட்டணம் எல்லாம் அந்தத் தொட்டிக்குள்தான் கிடக்கின்றன. தண்ணீர் கெட்டால் முதலும் போய்விடும். இச்செலவைக் குறைக்க, வெளிநாடுகளில் கடல்மீன் வளர்ப்போர் நீண்ட காலமாகக் கையாளும் ஒரு முறையை இவ்வாரம் பார்ப்போம்.

தண்ணீர் ஏன் கெடுகிறது?

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. இது கொடிய நஞ்சு. கற்களிலும் வடிகட்டியிலும் வாழும் பக்டீரியாக்கள் இதை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்று உடனே கொல்லாது. ஆனால் தானாகப் போய்விடுவதும் இல்லை. கொப்பியில் எழுதிய கடன்போல நாளுக்கு நாள் ஏறும். தீனியிலுள்ள பொஸ்பேற்றும் இப்படியே சேரும். பிறகு கண்ணாடியில் வழுக்குப் பாசி படரும். மீன்கள் சோர்ந்து இலகுவில் நோய்ப்படும். வழமையான பரிகாரம் தண்ணீரை மாற்றுவது. அதற்கு மீண்டும் லொறி வேண்டும்.

பாசி செய்யும் வேலை

நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் மீனுக்குக் கழிவு, கடற்பாசிக்கோ பசளை. ஆகவே பெரிய தொட்டியுடன் குழாயால் இணைந்த, ஆனால் மீன் நுழைய முடியாத ஒரு சிறு தொட்டியில் பாசியை வளர்க்கிறார்கள். இதற்கு ரெபியூஜியம், அதாவது புகலிடம் என்று பெயர். மீனின் வாய்க்கு எட்டாததால் பாசியோடு நுண்ணிய இறால் வகை உயிர்களும் இங்கே பெருகி, மீனுக்கு இரையாகப் பெரிய தொட்டிக்குச் செல்கின்றன.

மொத்த நீரில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை இதற்கு ஒதுக்கலாம். 500 லீற்றர் தொட்டிக்கு 50 முதல் 100 லீற்றர் போதும். மேலே பகல் வெளிச்ச நிறமுள்ள எல்.ஈ.டி. பல்ப் ஒன்று. 20 வாட் பல்ப் தினமும் 12 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 7 யுனிட் மின்சாரம்தான். இதை இரவில் எரிப்பது நல்லது. இரவில் மீன்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டைப் பாசி உறிஞ்சிக்கொள்வதால் நீரின் பீ.எச். அளவு அதிகம் இறங்காது.

எந்தப் பாசி?

ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்றது கீட்டோமோர்பா. பச்சை நைலோன் நூலைச் சுருட்டி வைத்தது போலிருக்கும். இவ்வினப் பாசிகள் நமது களப்புகளிலும் வளர்கின்றன. கிரசிலேரியாவும் நல்லது, கற்பிட்டி, புத்தளம் பக்கத்தவர்களுக்குத் தெரிந்த பாசிதான். இதன் ஒரு வகையே 'சிலோன் மொஸ்' என்ற பெயரில் முன்னர் ஏற்றுமதியானது. பவுடர் புளூ போன்ற பாசி தின்னும் மீன்களுக்கு இதைத் தீனியாகவும் போடலாம். களப்பிலிருந்து எடுத்து வரும் பாசியைக் கடல்நீரில் நன்றாக அலசி, சில நாட்கள் வேறாக வைத்துப் பார்த்த பின்னரே சேர்க்க வேண்டும். நண்டுக் குஞ்சுகள் ஒளிந்து வரக்கூடும்.

அழகுக்காகச் சிலர் விரும்பும் கோலேர்பாவில் ஆபத்து உண்டு. அது இனப்பெருக்கம் செய்யும்போது ஒரே இரவில் வெளிறிக் கரைந்து, உறிஞ்சியதையெல்லாம் தண்ணீரிலேயே கொட்டிவிடும். ஒட்சிசன் குறைந்து மீன்கள் சாகலாம்.

அறுவடைதான் இலாபம்

பலர் தவறுவது இங்கேதான். பாசி உறிஞ்சிய கழிவு பாசிக்குள்ளேயே இருக்கிறது. பாசியை வெளியே எடுத்தால்தான் கழிவு வெளியேறும். தொட்டி நிறைந்ததும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டால் அடிப்பகுதி வெளிச்சமின்றி அழுகி, அடைத்த கடன் திரும்பவும் கணக்கில் ஏறிவிடும்.

எடுத்ததைக் களப்பிலோ கடலிலோ வீசக் கூடாது. தொட்டிகளுக்காக வளர்த்த ஒரு வகைக் கோலேர்பா 1984இல் மொனாக்கோ கரையோரம் காணப்பட்டு, மத்தியதரைக் கடலில் பெருமளவு பரவியது. 2000இல் கலிபோர்னியாவிலும் தென்பட்டது. அங்கே அதை ஒழித்துவிட்டதாக அறிவிக்க 2006 ஆனது. மிஞ்சியதைக் காயவைத்து எறிவதே பாதுகாப்பு.

கவனிக்க வேண்டியவை

நோய்க்குச் செம்பு மருந்து போடும் தொட்டியோடு இதை இணைக்கக் கூடாது. செம்பு பாசியையும் இறால்களையும் கொல்லும். ஒரே நாளில் அளவுக்கு மிஞ்சிய மீனை இறக்கினால் ஏறும் அமோனியாவையும் பாசியால் மட்டும் சமாளிக்க முடியாது. வடிகட்டியும் தேவை, தண்ணீர் மாற்றுவதைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்த முடியாது.

எல்லாத் தொட்டிகளிலும் ஒரேயடியாகப் பணத்தைப் போடாதீர்கள். ஒரு தொட்டியில் தொடங்கி, வாரம் ஒருமுறை நைத்திரேற்றை அளந்து எழுதி வாருங்கள். பாசி வைக்காத தொட்டியின் கணக்கையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மூன்று மாதத்தில் இரண்டையும் ஒப்பிட்டால், அடுத்த தொட்டிக்குச் செலவு செய்வதா என்பதை உங்கள் கொப்பியே சொல்லிவிடும்.