சிகிச்சை மாணவரும் கிராமக் குழந்தையும்

ஐந்து வயது நிரம்பியும் நிற்க இயலாத குழந்தையை இடுப்பில் சுமந்து செல்லும் தாய்மாரை நமது கிராமங்களில் இன்றும் காண்கின்றோம். குழந்தைக்கு எட்டு வயதாகும்போது எடை கூடிவிடுகின்றது. தாயின் முதுகோ தளர்ந்துவிடுகின்றது. அதன்பின் அக்குழந்தை வீட்டின் உள்ளறையிலேயே கிடத்தப்படுகின்றது. பள்ளியும் இல்லை, தெருவும் இல்லை, திருவிழாவும் இல்லை. மூளை முடக்குவாதத்துடன் பிறந்த குழந்தைகள் பலருடைய வரலாறு இதுவே. இந்நிலை வராமல் காக்க வல்ல துறைகளுள் ஒன்று ஆக்குபேஷனல் தெரபி. அதைப் பயிலும் மாணவர்கள் குழந்தைகளிடம் பணிபுரிய எவ்வாறு தயார் செய்யப்பட வேண்டும் என்பது, நகரத்து மருத்துவக் கல்லூரிகள் மட்டும் சிந்திக்க வேண்டிய பொருளன்று. கிராமமும் அதில் பங்குகொள்ள வேண்டும்.

இத்துறையின் பெயரைத் தொழில்வழிச் சிகிச்சை என மொழிபெயர்ப்போர் உண்டு. தொழில் என்றதும் கூலியும் சம்பளமும் நமக்கு நினைவுக்கு வருவதால், ‘குழந்தைக்கு என்ன தொழில்?’ என்று கேட்கத் தோன்றும். உண்மையில் இங்குக் குறிக்கப்படுவது ஒருவருடைய நாளை நிரப்புகின்ற செயல்கள் யாவுமாம். உண்பது, குளிப்பது, உடுத்துவது, விளையாடுவது, பள்ளிக்குச் செல்வது ஆகியவையே குழந்தையின் தொழில். ஆதலால் செயல்வழிச் சிகிச்சை என்றே இக்கட்டுரையில் குறிப்போம்.

நமது நாட்டில் இதற்கான முதற் பயிற்சிப் பள்ளி 1950-ஆம் ஆண்டில் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர், அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இந்நாட்டவராகவே வாழ்ந்த கமலா நிம்ப்கர் அம்மையார். 1952-இல் இத்துறையினரின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதனை நிறுவிய பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. மாணவர் ஒவ்வொருவரும் நேரடிப் பயிற்சியில் குறைந்தது 1,000 மணி நேரம் செலவிட வேண்டும் என்பது அக்கூட்டமைப்பு வகுத்துள்ள தரம். அந்த ஆயிரம் மணி நேரம் எங்கே கழிகின்றது என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

பெரும்பாலும் மருத்துவமனையில் கழிகின்றது. அங்கு வண்ணம் பூசிய மேசையும், பஞ்சு மெத்தையும், பெரிய ரப்பர்ப் பந்தும் இருக்கின்றன. மாணவர் அரைமணி நேரம் குழந்தையுடன் பழகித் தாயிடம் சில பயிற்சிகளைச் சொல்லி அனுப்புகின்றார். அடுத்த மாதம் தாய் திரும்பி வந்து, ‘வீட்டில் செய்ய முடியவில்லை’ என்கின்றாள். அவளுக்கு அக்கறை போதாது என்று சிலர் எழுதி வைத்துவிடுகின்றனர். அது நேர்மையான முடிவன்று. விடியலில் நடவுக்குச் சென்று மாலையில் திரும்பும் ஒருத்தி, தனியே நாற்பது நிமிடம் ஒதுக்கிக் கை கால்களை நீட்டி மடக்கிக் கொண்டிருக்க இயலாது. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் உடை மாற்றும்போதும் சேர்ந்தே நடக்கக்கூடிய பயிற்சிதான் அவ்வீட்டில் நிலைக்கும். இதை மாணவருக்கு வகுப்பறையில் சொல்லலாம். ஆனால் அவ்வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் முழுதும் அமர்ந்தால்தான் அவருக்கு விளங்கும்.

உணவூட்டுவதையே எடுத்துக்கொள்வோம். தலை நிற்காத குழந்தையை மடியில் மல்லாத்திப் படுக்க வைத்து, நீர்த்த கஞ்சியை வாயில் ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். தலை பின்னால் சாயும்போது விழுங்குவது கடினமாகின்றது. கஞ்சியில் ஒரு பங்கு மூச்சுக்குழலுக்குள் செல்கின்றது. அடிக்கடி சளியும் நிமோனியாவும் வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம். இதை மாணவர் உணர்வதற்கு எளிய பாடம் ஒன்று உண்டு. ஒரு மாணவர் மல்லாந்து படுத்துக்கொள்ள, இன்னொருவர் அவருக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்ட வேண்டும். இரண்டாவது வாய்க்குள்ளாகவே பாடம் புரிந்துவிடும். பின்பு அவர் வீட்டிற்குச் சென்று ஒரு வேளை உணவு முழுவதையும் குறுக்கிடாமல் பார்க்க வேண்டும். ஊட்டுபவர் தாயா, பாட்டியா? எவ்வளவு நேரமாகின்றது? இருமல் எப்போது வருகின்றது? அதன்பின்னரே ஆலோசனை. குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்கப் பாதங்களுக்குத் தாங்கல் கொடுத்து, முகவாயைச் சற்றே தாழ்த்தி, எதிரிலிருந்து ஊட்ட வேண்டும். நீர்க்கஞ்சிக்குப் பதிலாகக் குழைய மசித்த சோறு நல்லது. ஒரு வாய் விழுங்கிய பின்பே அடுத்த வாய். இவ்வாறு மாற்றியும் இருமல் நிற்காவிடில் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கிராமத்து வழக்கங்கள் எல்லாம் பிழையானவை என்ற எண்ணத்தோடு மாணவர் வந்துவிடக் கூடாது. கால்கள் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்ளும் குழந்தையை, இரு கால்களும் அகன்றிருக்க இடுப்பில் அமர்த்தித் தூக்குமாறு நூல்கள் கூறுகின்றன. நம் தாய்மார் தொன்றுதொட்டு அப்படித்தான் தூக்குகின்றனர்! தூளியும் அவ்வாறே. உடலைப் பின்புறமாக வில்போல் விறைக்கும் குழந்தைக்குத் தூளியின் குழிவு சிறிது நேரம் இதமளிக்கும். ஆனால் நாள் முழுதும் தூளியிலேயே கிடந்தால், கவிழ்ந்து தலை தூக்கவும் கை ஊன்றவும் வாய்ப்பின்றிப் போகும். எது நன்மை, எது எவ்வளவு நேரம் நன்மை என்று பிரித்துச் சொல்லும் திறமையே இங்குத் தேவை.

கை கால்களைச் சிகிச்சையாளர் பிடித்து அசைத்துக் கொடுப்பதே சிகிச்சை என்ற நம்பிக்கை நெடுநாள் நிலவிற்று. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் அயோனா நோவாக்கும் அவர்தம் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு இந்த நம்பிக்கைக்கு ஆதரவளிக்கவில்லை. குழந்தை எதைச் செய்யக் கற்க வேண்டுமோ, அச்செயலையே குறிக்கோளாக வைத்து, குழந்தையே முயன்று பலமுறை செய்வதும், வீட்டில் தொடர்வதுமே பயன் தருவதாக அது காட்டிற்று. தட்டிலிருந்து சோற்றை அள்ள வேண்டுமானால் சோற்றை அள்ளித்தான் பழக வேண்டும். ஒரு கை மட்டும் வலுவிழந்த குழந்தைக்கு, நல்ல கையில் உறை மாட்டி வலுவற்ற கையைப் பயன்படுத்தத் தூண்டும் முறையும் நற்பயன் அளித்துள்ளது. சட்டை மாட்டும்போது வலுவற்ற கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்பது சிறு குறிப்புத்தான். ஆயினும் தினந்தோறும் வீட்டில் நடக்கும் ஒரு போராட்டத்தை அது நிறுத்திவிடும்.

கருவிகளைப் பற்றியும் மாணவர் கற்க வேண்டும். விலைகொடுத்து வாங்கியவை பழுதுபட்டால் மூலையில் கிடக்கும்; ஊர்த் தச்சர் செய்தவை பழுதுபட்டால் மறுநாளே சீராகும். இரண்டு பலகைகளைச் செங்கோணமாக இணைத்தால், முதுகு நில்லாத குழந்தைக்கு மூலை இருக்கை கிடைத்துவிடும். கரண்டியின் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் பிடிப்பு எளிதாகும். ஜிம்பாப்வே நாட்டில் பெவில் பேக்கர் என்பவர் பரப்பிய முறையில், பழைய அட்டைப் பெட்டிகளையும் செய்தித்தாள்களையும் மாவுப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி உலர்த்திக் குழந்தைகளுக்கான நாற்காலிகள் செய்யப்படுகின்றன. நம் ஊர் மளிகைக் கடையிலும் அட்டைப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அளவு முக்கியம். இருக்கையின் ஆழம் தொடையின் நீளத்தைவிடக் கூடினால் குழந்தை சரிந்துவிடும். அளவெடுப்பது மாணவர் பொறுப்பு; ஆணியடிப்பது தச்சர் பொறுப்பு.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் மாணவரின் கவனத்திற்கு உரியவரே. ஒலிபெருக்கியின் ஓசைக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையை அடம்பிடிக்கும் பிள்ளை என்று ஊரார் கருதுவர். அவர்களுக்கு உண்மையை எடுத்துச் சொல்லுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியேயாகும்.

மாணவர் யாரிடம் கற்பது? தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள் தொடங்கிய அமர் சேவா சங்கம் ஒரு வழி காட்டியுள்ளது. கடற்படை அதிகாரித் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் அவர். அச்சங்கத்தின் களப்பணியாளர்கள் வீடுதோறும் சென்று, சிகிச்சையாளரின் வழிகாட்டுதலுடன் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் பயிற்சி அளிக்கின்றனர். முன்னேற்றத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்கின்றனர். இத்தகைய பணியாளருடன் மாணவர் தெருத்தெருவாக நடக்க வேண்டும். எந்த வீட்டில் பாட்டியின் சொல் எடுபடும், எந்தத் தகப்பன் மாலையில்தான் அகப்படுவான் என்பன பாடநூலில் இல்லாதவை.

காலமும் முக்கியம். தக்க பயிற்சி பெற்றவர்கள் மூளை முடக்குவாதத்திற்கான அறிகுறிகளை ஐந்து மாதத்திற்கு முன்பே கண்டறிய இயலும் என்று 2017-இல் வெளிவந்த மதிப்பாய்வு ஒன்று நிறுவியுள்ளது. திருவனந்தபுரத்தில் உருவாக்கப்பட்ட 17 வினாக்கள் கொண்ட வளர்ச்சி அட்டவணை, இரண்டு வயது வரையிலான குழந்தைகளைச் சோதிக்கப் பயன்படுகின்றது. அங்கன்வாடி ஊழியருடன் அமர்ந்து மாணவர் அதைப் பயன்படுத்திப் பழகலாம். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு வரும் நாட்களில் மாணவரும் உடனிருப்பது பயனுடையது. ஐயத்திற்குரிய குழந்தைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்பும் வழிமுறையை அங்கு அறிந்துகொள்வர்.

ஊராட்சிகள் இதற்கென மூன்று வசதிகள் செய்து தர இயலும். மாணவர் இருவர் தங்க ஓர் அறை. வாரம் ஒரு நாள் மாலை சமுதாயக் கூடம். மரவேலைக்குத் தச்சரின் அரை நாள். கல்லூரிகள் செய்ய வேண்டுவது, ஒரே குழந்தையை ஒரே மாணவர் மூன்று மாதமாவது தொடர்ந்து காணுமாறு முறை வகுப்பதாகும். வாரந்தோறும் வேறு ஊர், வேறு குழந்தை என்று சுற்றினால் ஊர்களைப் பார்த்த அனுபவமே மிஞ்சும். மாணவர் ஊரைவிட்டுச் செல்லுமுன், குழந்தைக்குச் செய்து வந்தவற்றைத் தமிழில், படங்களுடன், இரண்டு தாளுக்கு மிகாமல் எழுதி, ஒரு படியைத் தாயிடமும் மற்றொன்றை அங்கன்வாடியிலும் கொடுத்துச் செல்ல வேண்டும்.