கட்டியைக் காட்டும் படம் வலுவையும் காட்டும்

ஊரிலிருந்து முதியவர் ஒருவர் சிகிச்சைக்காக நம் வீட்டுக்கு வந்து தங்குவது, தில்லியிலும் மும்பையிலும் பிற நகரங்களிலும் வாழும் தமிழர்களுக்குப் புதிய அனுபவமன்று. வந்தவருக்கு ஹிந்தி தெரியாது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே மகனோ, மருமகளோ, தம்பி பிள்ளையோ இருவருக்கும் நடுவில் அமர்ந்து பேச்சை மாற்றிச் சொல்ல வேண்டியதாகிறது. மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்ட எனக்கு இந்த வேலை மிக எளிது என்றே சில ஆண்டுகளுக்கு முன்வரை எண்ணியிருந்தேன்.

என் பெரியப்பாவுக்கு அப்போது வயது 74. பெருங்குடலில் புற்றுநோய், அறுவை சிகிச்சை ஊரிலேயே முடிந்திருந்தது. சில மாதங்களில் நோய் கல்லீரலில் மீண்டும் தலைகாட்டவே, மருந்து ஏற்றும் சிகிச்சைக்காகத் தில்லிக்கு அழைத்து வந்தோம். "நடமாட்டம் எப்படி? களைப்பு உண்டா?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு குறையும் இல்லையென்று சொல்லப்பா" என்றார் பெரியப்பா. பெரிய மனிதரிடம் நம் குறைகளை அடுக்குவது மரியாதையன்று என்பது அவர் வளர்ந்த முறை. அவர் சொன்னதைச் சிறிதும் பிசகாமல் நான் ஹிந்தியில் சொன்னேன். எடை பார்த்தார்கள், ஊரில் இருந்த அதே 62 கிலோ. முழு அளவு மருந்து ஏற்றப்பட்டது. ஒன்பதாம் நாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டன. பத்து நாட்கள் மருத்துவமனையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். மொழிபெயர்ப்பில் பிழையில்லை, மொழிபெயர்த்த செய்தியில்தான் பிழை இருந்தது.

அதன் பின்னர் மூத்த டாக்டர் ஒருவர், நோயைக் கண்டறிய எடுத்த அதே சி.டி. ஸ்கேன் படத்தைத் திரையில் ஏற்றி, கட்டியை விட்டுவிட்டு, முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசையைச் சுட்டிக் காட்டினார். அன்று அவர் விளக்கியதையும் பின்னர் நான் படித்தறிந்ததையும் நேயர்களுக்குச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

ஆங்கிலத்தில் 'ஃபிரெயில்ட்டி' என்று ஒரு சொல் உண்டு. இதைத் தமிழாக்கும்போது எனக்குச் சற்றுத் தயக்கம் ஏற்பட்டது. மூப்பு என்றால் பொருந்தாது; எண்பது வயதில் ஏரிக்கரை வரை நடந்து வருகிறவர் உண்டு, அறுபதில் மாடிப்படி ஏற முடியாதவரும் உண்டு. மெலிவு என்றாலும் பொருந்தாது. பருத்த உடலிலும் அது ஒளிந்திருக்கும். 'நொய்ம்மை' என்ற பழஞ்சொல்லே ஏற்றது எனத் தோன்றுகிறது. விரிசல் கண்ட மண்குடத்தை நினைத்துப் பாருங்கள். அசையாமல் வைத்திருக்கும் வரை அதில் தண்ணீர் நிற்கும்; லேசாக ஒரு தட்டுத் தட்டினால் உடைந்து போகும். உடலின் சேமிப்பு வலு கரைந்து, சிறிய அதிர்ச்சியையும் தாங்க இயலாத நிலையே நொய்ம்மை. புற்றுநோய்க்கான அறுவையும் மருந்தும் சிறிய அதிர்ச்சிகள் அல்லவே!

இந்நிலையை அறிய அமெரிக்க மருத்துவ அறிஞர் லிண்டா ஃபிரைடும் அவரது குழுவினரும் 2001ஆம் ஆண்டு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள். தாமாக முயலாமலே எடை குறைதல், ஓயாத களைப்பு, கைப்பிடி தளர்தல், நடை மெதுவாதல், நடமாட்டம் குறைதல் ஆகியவை அவை. மூன்றோ அதற்கு மேலோ இருப்பின் நொய்ம்மை. ஒன்றிரண்டு இருப்பின் அதன் வாயிற்படி. இவ்வைந்தில் பெரும்பாலானவை தசையைச் சார்ந்தவை என்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். அதனால்தான் தசையை அளக்க ஒரு வழி கிடைத்ததும் மருத்துவர்கள் அதைப் பற்றிக் கொண்டனர்.

சாதாரண எக்ஸ்ரே படத்தில் உடலின் உறுப்புகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக நிழலாக விழுகின்றன. சி.டி. ஸ்கேன் அவ்வாறன்று. வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்கி ஒவ்வொரு வில்லையையும் தனித்தனியே பார்ப்பது போன்றது அது. இங்கிலாந்தின் பொறியியலாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த கருவியால் 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், லண்டனின் விம்பிள்டன் பகுதி மருத்துவமனையொன்றில், முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை இவ்வாறு படமெடுக்கப்பட்டது. 1979இல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. அது ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயராலேயே வழங்குகிறது. தண்ணீருக்குச் சுழி, காற்றுக்குச் சுழிக்குக் கீழே 1000. கொழுப்பு சுழிக்குக் கீழே ஏறத்தாழ 100 அளவில் நிற்கும். சுழிக்குக் கீழே 29 முதல் மேலே 150 வரையுள்ள புள்ளிகளைத் தசை எனக் கணக்கிடுவது ஆராய்ச்சியாளரின் வழக்கம்.

எந்த வில்லையைப் பார்ப்பது? இடுப்பு முதுகெலும்புகள் ஐந்தில் மூன்றாவதன் மட்டத்தில், அதாவது தொப்புளையொட்டிய இடத்தில், குறுக்கே எடுத்த ஒரே படம் போதும். முதுகுத் தசைகளும், இடுப்பின் உட்புறத் தசைகளும், வயிற்றுச் சுவரின் தசைகளும் அங்கே ஒரு வளையமாகக் காணப்படும். அவ்விடத்துத் தசையின் பரப்பு முழு உடலின் தசையளவோடு நெருங்கிப் பொருந்துகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு சோறு பதம் பார்க்கும் நம் வீட்டு வழக்கந்தான்! அப்பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் அளந்து, உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறார்கள். ஒருவரின் உயரம் 1.65 மீட்டர், தசைப் பரப்பு 120 என்றால், விடை ஏறத்தாழ 44. அன்றியும், தசையின் நிறமும் ஒரு செய்தி கூறும். தசைக்குள் கொழுப்பு ஊடுருவியிருந்தால் எண் தாழ்ந்து படம் கருக்கும். பரப்பு குறையாவிட்டாலும் அது தரம் குன்றிய தசையே.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், பருத்த உடலுள்ள 250 புற்றுநோயாளரின் படங்களை இவ்வாறு அளந்து 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தசை மிகவும் குன்றியிருந்தது. பருமன் அதை மறைத்திருந்தது. அத்தகையோர் மற்றவர்களைவிட விரைவில் இறந்தனர். ஆண்களுக்கு 52.4, பெண்களுக்கு 38.5 என்ற எல்லைகள் அந்த ஆய்விலிருந்து பிறந்தவை.

இவ்வெல்லைகளை நம்மவர்மேல் அப்படியே சார்த்திப் பார்ப்பது சரியன்று. புணேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்ஞிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கினும் 2004இல் தங்கள் இருவரின் புகைப்படத்தையே ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் ஒன்றே. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9. யாஜ்ஞிக்கின் உடலில் 21. மெலிந்து தோன்றும் இந்தியருக்குள்ளும் கொழுப்பு மிகுந்து தசை குறைந்திருக்கலாம் என்பதே இதன் பொருள். ஆகவே அயல்நாட்டு எல்லையை விட, அதே நோயாளியின் முந்தைய படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிடுவதே நமக்கு அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம். பெரியப்பாவின் விஷயத்தில் அதுதான் உண்மையை வெளியிட்டது. ஊரில் எடுத்த படத்தின் குறுந்தகடு பீரோவில் புடைவைகளுக்கு அடியில் கிடந்தது. தங்கை தேடி எடுத்து அனுப்பினாள். நான்கு மாதங்களில் தசை வளையம் கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கியிருந்தது. எடை மாறவில்லையே என்றேன். "கால்களைப் பாருங்கள்" என்றார் டாக்டர். தசை போன இடத்தை வீக்கத்தின் நீர் நிரப்பியிருந்தது.

மருந்தின் அளவோடும் இது தொடர்புடையது. புற்றுநோய் மருந்துகளில் பலவற்றின் அளவு, உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடற்பரப்பைப் பொறுத்தது. அதற்கு இன்றும் கையாளப்படும் சூத்திரங்களுள் ஒன்று 1916இல் டூ பாய்ஸ் என்ற குடும்பப் பெயருள்ள இருவர், ஒன்பதே பேரை அளந்து வகுத்தது! ஒரே உயரமும் ஒரே எடையும் உள்ள இருவருக்கு, தசையளவு எவ்வளவு வேறுபட்டாலும், ஒரே அளவு மருந்துதான் கிடைக்கும். தசை குன்றியவரைச் சில மருந்துகள் கூடுதலாகத் தாக்குவதை ஆய்வுகள் கண்டுள்ளன. ஆயினும் தசையை அளந்து மருந்தை நிறுக்கும் முறை இன்னும் வழக்கத்துக்கு வந்துவிடவில்லை.

படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைத்துவிடலாகாது. தசை எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். அத்தசை என்ன வேலை செய்கிறது என்று காட்டாது. மறதி, மனச்சோர்வு, தனிமை இவற்றையும் காட்டாது. இவ்வளவைப் பார்ப்பதற்கென்றே தனியாக ஸ்கேன் எடுப்பதும் தேவையற்றது. கதிர்வீச்சும் செலவுமே மிச்சம். நோய்க்காக எப்படியும் எடுத்த படத்தை இன்னொரு முறை பார்ப்பதுதான் இதன் சிறப்பு.

வேலை செய்யும் திறனை அறிய நாற்காலி போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள்; அருகில் ஒருவர் நிற்பது அவசியம். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்பது ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019இல் வகுத்த அளவு. ஆறு மீட்டர் தூரத்தை இயல்பான நடையில் கடக்க ஆறு வினாடிக்கு மேல் ஆனாலும் அப்படியே. தையற்காரரின் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த பகுதியை அளக்கலாம். ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஐயப்பட வேண்டும். கால் வீங்கியிருந்தால் மட்டும் டேப் பொய் சொல்லும். பெரியப்பா ஐந்து முறை எழ 21 வினாடிகள் எடுத்துக்கொண்டார். 'ஒரு குறையும் இல்லை' என்றவர் அவர்தான்.

நொய்ம்மை கண்டறியப்பட்டால் சிகிச்சையையே மறுத்துவிடுவார்களோ என்று அஞ்சிப் பலர் அதை மறைக்கிறார்கள். அமெரிக்காவில் 70 வயதைக் கடந்த, நோய் முற்றிய 718 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2021இல் வெளியாயிற்று. கேள்விகளாலும் எளிய சோதனைகளாலும் முதியவரின் நிலையை மதிப்பிட்டு, அதற்கான யோசனைகளோடு டாக்டரிடம் முன்கூட்டியே கொடுத்த குழுவில், நூற்றுக்கு 51 பேருக்குக் கடுமையான பக்க விளைவுகள் தோன்றின. கொடுக்காத குழுவில் 71 பேருக்கு. முதற்குழுவில் மற்றக் குழுவைவிட அதிகம் பேருக்கு மருந்தின் அளவு குறைத்துத் தொடங்கப்பட்டது. ஆயினும் ஆறு மாத முடிவில் உயிர்வாழ்ந்தோர் கணக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

உணவு விஷயத்தில் நம் வீடுகளின் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நோயாளி என்றவுடன் கஞ்சியும் ரசஞ்சாதமும் கொடுத்துக் கட்டிலில் கிடத்திவிடுகிறோம். தசைக்கு இவ்விரண்டுமே பகை. புற்றுநோயாளருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல், இயன்றால் ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும் என்பது ஐரோப்பிய உணவியல் மருத்துவர்களின் பரிந்துரை. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு பெரிய டம்ளர் பாலில் சுமார் 8 கிராம். வடநாட்டுப் பன்னீரைப் பெரியப்பா தொட மறுத்தார். கெட்டித் தயிரும் பருப்பும் முட்டையும் கைகொடுத்தன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே இதைச் செய்ய வேண்டும். புற்றுநோயின் அழற்சியும் தசையைத் தின்பதால், உணவு மட்டும் இழந்ததையெல்லாம் மீட்டுவிடாது. எழுந்து நடப்பதும், டாக்டர் அனுமதிக்கும் பயிற்சியும் உடன் வேண்டும். மருந்தின் அளவைக் குறைத்துத் தொடங்கிய இரண்டாம் சுற்றைப் பெரியப்பா வீட்டிலிருந்தே தாங்கினார். மூன்று மாதங்களுக்குப் பின் நாற்காலிக் கணக்கு 15 வினாடிக்கு இறங்கியது.

பெரும்பாலான ஸ்கேன் அறிக்கைகளில் தசையளவு எழுதப்பட்டிராது; கேட்டால்தான் பார்ப்பார்கள். ஆகவே ஊரிலிருந்து புறப்படும் முதியவரிடம் மருந்துச் சீட்டுகளோடு, பழைய ஸ்கேன் படங்களின் குறுந்தகடுகள் அனைத்தையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. ஆறு மாதத்துக்கு முன் எடை எவ்வளவு, வேட்டியோ ரவிக்கையோ தளர்ந்துவிட்டதா, கடைசியாக எப்போது விழுந்தார் என்று வீட்டிலுள்ளவர்களைத் தனியே கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன் அமரும்போது, பெரியவர் சொல்வதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டு, அந்தத் தாளையும் மேசைமேல் வையுங்கள்.