இடக்கைக்கு ஏற்ற துவக்கும் எமது மண்ணின் மானும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் அம்பாறைக் கரையோர ஊர்களிலிருந்து கல்விக்காகவும் தொழிலுக்காகவும் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளுக்குச் சென்று குடியேறியோர் பலர். அந்நாடுகளில் மான் வேட்டை சட்டபூர்வமானது. அங்குள்ள நண்பர்களோடு காட்டுக்குச் சென்று பழகியவர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது வேட்டைக் கதைகளும் கூடவே வருகின்றன. அக்கதைகளோடு இரண்டு கேள்விகளும் எழுகின்றன. இடக்கைப் பழக்கமுடைய ஒருவர் மான் வேட்டைக்கெனக் குறைந்த செலவில் எத்தகைய துவக்கை வாங்கலாம் என்பது முதலாவது. அதே மானை இங்கும் சுடலாமா என்பது இரண்டாவது. முதற் கேள்வி கருவியைப் பற்றியது. இரண்டாவது கேள்வி சட்டத்தையும் மனச்சாட்சியையும் பற்றியது. இரண்டாவதற்கு விடை காணாமல் முதலாவதற்கு மட்டும் விடை கூறுவது பொறுப்பற்ற செயலாகும் என்பதால், இங்கு இரண்டையும் சேர்த்தே நோக்குகின்றோம்.

ஒரே விலங்கு, இரு வேறு சட்டங்கள்

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மலைக்காடுகளில் இன்று அதிகம் வேட்டையாடப்படும் மான் இனம் எமக்குப் புதியதன்று. நாம் மரை என அழைக்கும் விலங்கே அது. 1860களில், வெளிநாட்டு உயிரினங்களைக் கொண்டுவந்து குடியேற்றுவதில் ஆர்வம் கொண்டிருந்த ஆங்கிலேயக் குடியேறிகள் அதனை அங்கு விடுவித்தனர். அவ்வாறு கொண்டு செல்லப்பட்டவற்றுள் இலங்கை மரைகளும் இருந்தன. 1870களில் நியூசிலாந்தின் மனவாட்டு பிரதேசத்திற்கும் இலங்கையிலிருந்து மரைகள் கொண்டு செல்லப்பட்டன. சிறுத்தையும் பிற கொன்றுண்ணிகளும் இல்லாத அந்நிலங்களில் அவை பெருகின. விக்டோரியாவில் அவற்றின் பெருக்கம் காட்டின் இளஞ்செடிகளுக்கும் ஈரநிலங்களுக்கும் கேடு விளைவிப்பதால், வேட்டை மூலம் அவற்றைக் கட்டுப்படுத்த வேண்டிய நிலை அங்கு உள்ளது.

தாயகத்தில் நிலைமை நேர்மாறானது. மரையின் இயற்கை வாழிடங்கள் ஆசியா முழுவதும் சுருங்கிவிட்டமையால், சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாக வகைப்படுத்தியுள்ளது. எனவே "அங்கு சுடலாம் என்றால் இங்கு ஏன் சுடக்கூடாது?" என்று கேட்பவர்களுக்கு விடை எளிதானது. அங்கு அது வந்தேறிய விலங்கு. இங்கு அது காட்டின் உரித்தாளி.

இந்நாட்டுச் சட்டம் கூறுவது என்ன?

ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைக் காடுகள் வேட்டைக்காரர்களின் களமாக விளங்கின. இன்று உலகப் புகழ்பெற்ற யால தேசியப் பூங்காவின் ஒரு பகுதியே அக்காலத்தில் வேட்டைக்காரர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1938இல் யால தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டமையும் அந்த யுகத்திற்கு முடிவு கட்டத் தொடங்கின. பின்வந்த திருத்தங்கள் சட்டத்தை மேலும் இறுக்கின. இன்று புள்ளிமான், மரை, சருகுமான் முதலியவற்றை வேட்டையாடுவது குற்றமாகும். அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் கூடக் குற்றமே. கல்லோயா, லகுகல, குமண ஆகிய தேசியப் பூங்காக்களின் எல்லைக்குள் மட்டுமே இத்தடை உண்டு என நினைப்பது தவறு. வயலோரத்தில் மேயும் மானுக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

துவக்கைப் பொறுத்தவரை, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் அதற்கு 1996இல் செய்யப்பட்ட திருத்தமும் நடைமுறையில் உள்ளன. அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருப்பது பாரதூரமான குற்றமாகும். அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். வெளிநாடொன்றில் பெற்ற அனுமதிப்பத்திரம் இங்கு செல்லுபடியாகாது. 2024ஆம் ஆண்டின் இறுதியில், தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்டிருந்த துவக்குகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கோரியதும் நினைவிருக்கலாம். உரிமம் பெற்ற துவக்கும் உரிமையாளரின் முழுமையான சொத்து அல்ல. அது அரசின் அனுமதியோடு கையில் இருக்கும் பொருள் என்பதையே இது உணர்த்துகின்றது.

ஆகவே இரண்டாவது கேள்விக்கான விடை தெளிவானது. இங்கு மானைச் சுட முடியாது. எந்தத் துவக்காலும் முடியாது. இனி வரும் விளக்கம், வேட்டை சட்டபூர்வமாக உள்ள நாடுகளில் வாழும் எம்மவருக்கானது.

தாழ்ப்பாளின் பக்கம்

மான் வேட்டைக்குப் பெரிதும் பயன்படுவது போல்ட் ரைபிள் எனப்படும் வகையாகும். இதன் இயக்கத்தை விளங்கிக்கொள்ள வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டாலே போதும். பிடியை மேலே தூக்கிப் பின்னே இழுத்தால் வெற்றுக்கோது வெளியே விழும். முன்னே தள்ளிக் கீழே மடக்கினால் அடுத்த ரவை குழலினுள் சென்று பூட்டப்படும். இந்நாட்டுப் பொலிஸாரின் தோள்களில் நீண்ட காலம் தொங்கிய .303 துவக்கும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இந்தத் தாழ்ப்பாளின் பிடி வழமையாக வலப்புறத்தில் அமைந்திருக்கும். வலக்கைக்காரர் விசையை அழுத்திய அதே கையால் பிடியை இயக்குவார். இடக்கை துவக்கைத் தாங்கிக்கொண்டிருக்கும். கன்னம் கட்டையிலிருந்து அகலாது. கண் இலக்கை விடாது. இடத்தோளில் வைத்துச் சுடுபவருக்கோ இவை யாவும் குழம்பிவிடும். விசையில் இருந்த இடக்கையைத் துவக்கின் மேலாக மறுபுறம் கொண்டு செல்ல வேண்டும். அல்லது துவக்கைத் தாங்கிக்கொண்டிருக்கும் வலக்கையை எடுக்க வேண்டும். எதைச் செய்தாலும் இலக்கு கண்ணிலிருந்து தவறும். குழலின் முனை அங்குமிங்கும் அசையும். அருகில் வேறு மனிதர் நிற்கும் வேளையில் இந்த அசைவு ஆபத்தானது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கோது வெளியேறும் வாய் வலப்புறத்தில் உள்ளது. இடத்தோளில் வைத்துச் சுடுபவரின் முகமும் அதே புறத்தில் இருக்கும். ரவைக்கோது பிளந்து சூடான வாயு வெளியேறும் அரிதான சந்தர்ப்பத்தில், அது அவரது முகத்துக்கு அண்மையிலேயே வெளிப்படும். எனவே, இடக்கை ரைபிள் என்பது ஆடம்பரமன்று. பாதுகாப்பு சார்ந்த தேவையாகும்.

கையை அறியுமுன் கண்ணை அறிக

உலகில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கமுடையவர். எனினும் எல்லாச் செயலுக்கும் ஒரே கை என்பது விதியன்று. 1996இல் உலகக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியின் தலைவர் அர்ஜுன ரணதுங்க இடக்கையால் துடுப்பெடுத்தாடி, வலக்கையால் பந்து வீசியவர். அதுபோலவே, கைக்கும் கண்ணுக்கும் இடையிலும் வேறுபாடு இருக்கலாம். இரு கண்களுள் ஒன்று மற்றையதை விட ஆதிக்கம் பெற்றிருப்பது இயல்பு. குறிபார்ப்பது அக்கண்ணே.

இதனை அறிய எளிய வழியொன்று உண்டு. இரு கைகளையும் முன்னே நீட்டி, பெருவிரல்களாலும் சுட்டுவிரல்களாலும் சிறு துவாரம் அமைத்து, தூரத்தே உள்ள தென்னை மரமொன்றை அத்துவாரத்தினூடாக இரு கண்களாலும் பார்க்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எக்கண் திறந்திருக்கும்போது மரம் துவாரத்தினுள் நிலைத்து நிற்கின்றதோ அதுவே ஆதிக்கக் கண். இடக்கைப் பழக்கமும் இடக்கண் ஆதிக்கமும் சேர்ந்திருப்பவர் தயங்காது இடக்கை ரைபிளை நாடலாம். இரண்டும் மாறுபட்டிருப்பவர், வாங்குமுன் பயிற்சிக்களமொன்றில் இரு தோள்களிலும் வைத்துப் பார்த்து முடிவெடுப்பது நன்று.

குறைந்த செலவில் வாங்குவது எப்படி?

ஒரு காலத்தில் இடக்கை ரைபிள் வேண்டுமெனில் கம்மியரிடம் தனியாகச் செய்விக்க வேண்டியிருந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் சவேஜ் நிறுவனம் தனது 110 வகை ரைபிளை வெளியிட்டு, விரைவிலேயே இடக்கை வடிவத்தையும் தொழிற்சாலையில் தயாரிக்கத் தொடங்கியது. சாதாரண மனிதருக்கு எட்டும் விலையில் இடக்கை ரைபிள் கிடைக்க இது வழிவகுத்தது. இன்று சவேஜ் நிறுவனத்தின் 110, அதனிலும் மலிவான அக்ஸிஸ், ரூகர் நிறுவனத்தின் அமெரிக்கன் ஆகியன செலவு குறைந்த வகைகளாகக் கொள்ளப்படுகின்றன. பின்லாந்தில் தயாராகும் டிக்கா விலையிற் சற்றுக் கூடியது. தாழ்ப்பாளின் வழுவழுப்பான ஓட்டத்திற்குப் பெயர் பெற்றது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. முதலாவது, வலக்கை ரைபிளை வாங்கித் தாழ்ப்பாளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என எவரேனும் கூறினால் நம்பக்கூடாது. துவக்கின் உடலே ஒரு புறத்திற்கென வெட்டப்பட்டிருப்பதால் அவ்வாறு மாற்ற இயலாது. இரண்டாவது, இடக்கை வடிவங்கள் எல்லா ரவை அளவுகளிலும் கிடைப்பதில்லை. விக்டோரியாவில் மரை வேட்டைக்குக் குறைந்தது .270 அங்குல விட்டமும் 130 கிரெய்ன் எடையும் கொண்ட குண்டு தேவையெனச் சட்டம் வரையறுத்துள்ளது. ஆகவே எங்கும் கிடைக்கும் .270 வின்செஸ்டர், .308 வின்செஸ்டர் போன்ற அளவுகளில் ஒன்றைத் தெரிவது புத்திசாலித்தனம். மூன்றாவது, பாதுகாப்பு விசை எங்குள்ளது எனப் பார்க்க வேண்டும். சவேஜ், ரூகர் அமெரிக்கன் ஆகியவற்றில் அது தாழ்ப்பாளின் பின்னே, கட்டையின் மேற்பகுதியில் நடுவே இருப்பதால் இரு கைக்கும் ஏற்றது. நான்காவது, பழைய துவக்குச் சந்தையில் இடக்கை ரைபிள்கள் அரிது. ஆனால் வாங்குவோரும் குறைவு என்பதால், பொறுத்திருப்பவருக்குச் சில வேளைகளில் நல்ல விலையில் அகப்படும்.

துவக்கின் விலை மட்டுமே செலவு என்று எண்ணுவதும் தவறு. தொலைநோக்கி, அதனைப் பொருத்தும் வளையங்கள், இரும்புப் பெட்டகம், அனுமதிப்பத்திரக் கட்டணம், பயிற்சிக்கான ரவைகள் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். விலையுயர்ந்த துவக்கை வாங்கிப் பயிற்சிக்குப் பணமில்லாமல் இருப்பதை விட, மலிவான துவக்கை வாங்கி நிறையப் பயிற்சி பெறுவது மேலானது. காயத்தோடு ஓடி மறையும் மான், பயிற்சியின்மையின் சாட்சியாகும்.

எமது விவசாயியின் துவக்கு

அம்பாறை மாவட்டத்தில் துவக்குக்கும் விவசாயத்திற்கும் உள்ள தொடர்பு வேறானது. காட்டுப்பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் வேளாண்மையைக் காக்க வேண்டிய விவசாயிகளுக்கு, மாவட்டச் செயலகத்தின் ஊடாக அனுமதிப்பத்திரம் வழங்கும் முறை உள்ளது. அவர்களிடம் பெரும்பாலும் இருப்பது நடுவில் மடித்து ரவையிடும் ஒற்றைக்குழல் துவக்காகும். வலக்கைக்கென்றே பல் வெட்டப்பட்ட தாக்கத்தியோடு காலமெல்லாம் போராடும் இடக்கை விவசாயிக்கு இத்துவக்கு ஓர் ஆறுதல். அதற்குப் பக்கத் தாழ்ப்பாள் இல்லை. எந்தத் தோளிலும் வைத்துச் சுடலாம்.

ஆனால் உரிமம் பெற்ற துவக்குக்கு வெளியே கட்டுத்துவக்கு என்றொரு பேராபத்து உள்ளது. காட்டுப் பாதையில் கம்பி கட்டி வைக்கப்படும் அதற்குக் கை இல்லை, கண் இல்லை, மனச்சாட்சியும் இல்லை. பன்றிக்கென வைத்தது யானையின் காலைத் துளைக்கின்றது. விறகுக்கும் தேனுக்கும் செல்லும் மனிதரையும் பலி கொள்கின்றது. பயிர் காக்கும் உரிமையை மதிக்கும் நாம், இதனை எவ்வகையிலும் ஏற்க முடியாது.

மார்க்கமும் மரபும்

வேட்டையை இஸ்லாம் முற்றாகத் தடை செய்யவில்லை. அதற்கு எல்லை வகுத்துள்ளது. இஹ்ராம் நிலையில் தரை வேட்டைப் பிராணியைக் கொல்வதை ஸூரத்துல் மாஇதா தடுக்கின்றது. எறிகோலின் கூர்முனை துளைத்தால் உண்ணலாம், அதன் பக்கவாட்டு அடியால் இறந்தால் உண்ணலாகாது என நபி (ஸல்) அவர்கள் விளக்கியதாக வரும் ஹதீஸை அடிப்படையாகக் கொண்டே, துப்பாக்கிக் குண்டால் இறந்த பிராணி பற்றி உலமாக்கள் ஆராய்ந்துள்ளனர். இதில் கருத்து வேறுபாடு உண்டு. எனவே வெளிநாட்டில் வேட்டையாடுவோர் அறிந்த ஆலிமிடம் விளக்கம் பெறுவதும், பிஸ்மில்லாஹ் கூறிச் சுடுவதும், உயிரோடு கிடைத்தால் உடன் அறுப்பதும் பேணுதலான வழியாகும். இடக்கையால் துவக்கு இயக்குவது குறித்துச் சஞ்சலப்பட வேண்டியதில்லை. உண்பதிலும் பருகுவதிலும் வலக்கையைப் பேணும் ஒழுக்கம் வேறு. படைப்பில் அமைந்த ஆற்றல் வேறு. உமர் (ரழி) அவர்கள் இரு கைகளையும் சமமாகப் பயன்படுத்தியவர் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

தமிழர் மரபிலும் மானுக்குத் தனியிடம் உண்டு. மானின் வயிற்றிற் பிறந்து வேடர் குடியில் வளர்ந்தவளாக வள்ளியைப் புராணம் கூறுகின்றது. ஆண்டுதோறும் உகந்தையிலிருந்து குமணக் காட்டினூடாகக் கதிர்காமம் நோக்கி நடக்கும் அடியார்கள், அக்கதையின் காட்டிலேயே மான் கூட்டங்களைக் கண்டு செல்கின்றனர்.

2009இல் முடிவுற்ற போரின் நீண்ட ஆண்டுகளில், துவக்கு என்ற சொல்லே இரு சமூகத்தாரின் வீடுகளிலும் அச்சத்தையும் இழப்பையும் குறித்தது. அந்த நினைவோடு வாழும் எமது மண்ணில் துவக்கு விளையாட்டுப் பொருளாக மாறிவிடக்கூடாது. விக்டோரியாவின் மலையில் தனக்கேற்ற இடக்கை ரைபிளோடு, சட்டத்தின்படி மரை தேடும் எமது இளைஞரை நாம் குறை கூறவில்லை. ஆனால் அவர் ஊர் திரும்பும்போது துவக்கின் நினைவை அங்கேயே பூட்டி வைத்துவிட்டு வர வேண்டும். லகுகலக் குளத்தோரம் மாலையில் நீரருந்த வரும் மரையை அவர் தம் பிள்ளைகளோடு நின்று பார்க்கட்டும். அங்கு வேட்டைப் பொருளாக இருப்பது இங்கு நாம் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்க வேண்டிய அமானிதம் ஆகும்.