தேன்கூடும் தாய்மை உரிமையும்

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் தலைவன் தும்பியை விளித்து, தனக்குச் சார்பாக உரையாது அறிந்ததை உரைக்குமாறு வேண்டுகின்றான். ஆங்குத் தும்பி தன்னறிவால் நிற்கும் தனியுயிர். கூட்டத்தின் ஆணைக்குட்பட்ட தேனீ ஒன்று அவ்வாறு தன்னறிவால் நிற்க முயன்றால் யாது நிகழும்? இவ்வினாவை ஆராயும் ஆங்கிலப் புதினம், இந்தியப் பெற்றோர்க்கு இங்கிலாந்தில் பிறந்த லாலின் பால் 2014-இல் வெளியிட்ட ‘தி பீஸ்’ என்பதாகும். அதன்கண் தாய்மையும் தனித்தன்மையும் கூட்டொழுக்கமும் முரணுமாற்றை ஈண்டுக் காண்போம்.

கதைத்தலைவி புளோரா 717. பெயரோடு ஒட்டிய எண்ணே அவள் நிலையை உணர்த்தும். துப்புரவுப் பணிக்கெனப் பிறந்த கடைக்குலத்தவள் அவள். ஏற்றலும் பணிதலும் தொண்டாற்றலுமே அக்கூட்டின் அறம். முட்டையிடும் உரிமை அரசி ஒருத்திக்கே உண்டு. பிறர் இடின் அது கொடுங்குற்றம். புளோராவோ முட்டையிடுகின்றாள். முதலில் இட்டவை நிலைபெறவில்லை. பின்னர் மறைவில் வளர்த்த மகளே இறுதியில் புதிய அரசியாகின்றாள்.

இக்கதையை இயற்கையோடு ஒப்பிடுதல் பயனுடைத்து. உண்மைக் கூட்டிலும் பணித்தேனீக்கள் அரிதாக முட்டையிடுவதுண்டு. அவை கருவுறா முட்டைகளாதலின் பெரும்பாலும் ஆண்தேனீக்களே தோன்றும். தென்னாப்பிரிக்கக் கேப் தேனீயினத்தில் மட்டும் பெண் தோன்றுதல் இயல்பு. பிற பணித்தேனீக்கள் அம்முட்டைகளைக் கண்டறிந்து தின்றுவிடும். ஆகவே, புதினம் காட்டும் காவல் முற்றும் கற்பனையன்று.

குலப்பிரிவோ கற்பனையே. பணித்தேனீக்குப் பிறவித் தொழில் இல்லை. ஒரே தேனீ அகவை ஏற ஏற அறை துடைத்தும், புழுக்களுக்கு உணவூட்டியும், அடை கட்டியும், இறுதியில் மலர் நாடிப் பறக்கின்றது. அரசியும் பணித்தேனீயும் ஒரேவகை முட்டையினின்றே தோன்றுவன. புழுப்பருவத்து உணவே அவற்றை வேறுபடுத்துகின்றது. புளோரா துப்புரவினின்று குழவியறைக்கும், பின்னர் மலர்வெளிக்கும் செல்வது அவள் கூட்டில் விதிவிலக்கு. இயற்கையிலோ அதுவே பணித்தேனீயின் வாழ்நெறி. பிறவியின் ஆணையாகக் காட்டப்படுவது உண்மையில் அதிகாரத்தின் ஆணையே என்பது இதனாற் பெறப்படும்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க தமிழ்ப் புதினம் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010). திருச்செங்கோட்டுப் பகுதியைக் களமாகக் கொண்ட அதன்கண் பொன்னாவும் காளியும் அன்பிற் குறைவிலர். மகப்பேறின்மையால் ஊராரின் ஏச்சுக்கு ஆளாகின்றனர். புளோராவிற்குத் தாய்மை விலக்கப்படுகின்றது. பொன்னாவின்மீது அது சுமத்தப்படுகின்றது. முதற்பார்வையில் இவை நேர்மாறானவை. ஆயினும், ஒருத்தியின் வயிற்றைப் பற்றிய முடிவை அவளிடம் விடாது கூட்டமே எடுத்துக்கொள்ளுதல் இரண்டற்கும் பொது. தாய்மையைப் போற்றும் சமுதாயம் தாயாகும் பெண்ணைப் போற்றுவதாகக் கொள்ளுதல் கூடாது.

புளோரா தன் கூட்டை வெறுத்தவள் அல்லள் என்பதும் கருதற்பாலது. அரசியின் மணத்தில் அவள் மகிழ்கின்றாள். கூட்டின் பசி தீர்க்கப் பறக்கின்றாள். சுற்றத்தின்பால் அன்பும் தன் குழவியின்பால் அன்பும் ஓருள்ளத்தே நிற்றல் இயலும். அவற்றைப் பகையாக்குவது கட்டளையே. அவள் மகளாலேயே கூட்டின் வழி தொடர்கின்றது. கூட்டம் குற்றமெனக் கடிந்ததே அதனை வாழ்வித்தது என்பது இப்புதினம் உணர்த்தும் முடிபாகும்.