கம்பளி போர்த்திய கிட்டார்: பெடல், கேபிள் பற்றிச் சில குறிப்புகள்

போன பங்குனியில் எங்க ஊர் மாரியம்மன் திருவிழா. அரூர் போற ரோட்டுல ஒரு சின்ன கிராமம். ராத்திரி இன்னிசைக் கச்சேரி. கிட்டார் வாசிச்சது எங்க தெருப் பையன்தான். 1982-ல வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தோட 'இளைய நிலா' கிட்டாரை விரல் பிசகாம வாசிச்சான். ஆனா சத்தம் மட்டும் கம்பளியைப் போர்த்திக்கிட்டு வந்த மாதிரி இருந்தது.

அடுத்த நாள் வீட்டுக்கு வந்தான். "அண்ணா, கேபிள்தான் பிரச்சனைன்னு சொல்றாங்க. பெங்களூர்ல 9,000 ரூபாய்க்கு ஒண்ணு இருக்காம். சீட்டு எடுத்த காசு இருக்கு, வாங்கிடட்டுமா?"

"தம்பி, ரெண்டு நாள் பொறு, முதல்ல அளந்து பார்க்கலாம்"னு சொன்னேன். நான் இசைக்காரன் இல்லை. சாஃப்ட்வேர் வேலை, படிச்சது பி.இ., கையில ஒரு மல்டிமீட்டர், அவ்வளவுதான். அந்த ரெண்டு நாள்ல புரிஞ்சதை இங்க எழுதி வைக்கிறேன்.

கேபிள், கிட்டாரின் ஒரு பாகம்

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிக்குக் கீழே இருக்கறது பிக்கப். காந்தத்தைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயில் பிக்கப்பின் இண்டக்டன்ஸ் சுமார் 2.5 ஹென்றி. கிட்டார் கேபிளில் நடுவில் ஒரு கம்பி, சுத்தி ஷீல்டு. ரெண்டுக்கும் நடுவே இன்சுலேஷன். அதாவது நீளமா இழுத்துவிட்ட ஒரு கெபாசிட்டர். சாதாரணமா ஒரு மீட்டருக்கு 100 பிகோபாரட் அளவில் இருக்கும்.

காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்தா ஒரு ஃபில்டர். குறிப்பிட்ட ஒரு அதிர்வெண் வரைக்கும் விடும், அந்த இடத்தில் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், அதுக்கு மேல சரசரன்னு இறக்கிடும். அந்த இடம் எதுன்னு கண்டுபிடிக்க பி.இ. முதல் வருஷக் கணக்கே போதும். ஹென்றியையும் பாரடையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல் பெருக்கி, 1-ஐ அதால வகுக்கணும்.

நல்ல கேபிள் 3 மீட்டர்னா 300 பிகோபாரட். பிக்கப்போட சொந்தக் கெபாசிடன்ஸ் ஒரு 100-னு வச்சுக்குவோம். விடை சுமார் 5,000 ஹெர்ட்ஸ். நம்ம காது ரொம்பக் கூர்மையா கேக்கறது 2,000-லிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும். நகம் கம்பியில படற அந்த 'டிங்' இருக்கறதும் அங்கதான்.

இப்ப பையனோட செட்டப். கிட்டாரிலிருந்து பெடல் வரை 10 மீட்டர். பெடல் மூணு: கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், டிலே. அங்கிருந்து ஆம்ப் வரை 6 மீட்டர். ட்யூனர் பெடலை மட்டும் கண்ணுக்குத் தெரியணும்னு ஆம்ப் தலை மேல வச்சிருந்தான். ஒயர் மைக் செட் கடையில மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கி ஜாக் போட்டது. மல்டிமீட்டரில் 10 மீட்டர் துண்டு 1,450 பிகோபாரட், 6 மீட்டர் துண்டு 870.

மூணு பெடலும் ட்ரூ பைபாஸ். ஆஃப் பண்ணினா உள்ளே இருக்கற சர்க்யூட் முழுசா விலகி, ஒயர் நேரா ஒயரோட சேந்துடும். "ட்ரூ பைபாஸ்னா சுத்தமான சவுண்டுன்னு சொன்னாங்களேண்ணா"ன்னான். ஒரே பெடல்னா சரிதான். ஆனா எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வச்சு வாசிக்கறப்ப பிக்கப் 16 மீட்டர் ஒயரையும் தனியா தள்ளணும். கணக்குப் போட்டா சுமார் 2,050 ஹெர்ட்ஸ். கம்பளி எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுபோச்சு.

பஃபர் என்ன செய்யுது

பஃபர்ங்கறது ஒலியை மாத்தாத ஒரு சின்ன சர்க்யூட். உள்ளே வர்ற பக்கம் 1 மெகா ஓம் அளவுக்குத் தடை இருக்கறதால பிக்கப்புக்குப் பாரமே தெரியாது. வெளியே போற பக்கம் 1 கிலோ ஓம் அளவுதான், அதனால அதுக்குப் பின்னாடி 10 மீட்டர் ஒயர் இருந்தாலும் தள்ளிடும். 1977-லிருந்து வர்ற பாஸ் கம்பெனியின் சின்னப் பெடல்களில் ஆஃப்ல இருந்தாலும் பஃபர் வேலை செய்யும். பல ட்யூனர் பெடல்களிலும் உண்டு, சிலதில் கிடையாது. வாங்கும்போது கையேட்டைப் பார்த்துக்குங்க.

பையனோட ட்யூனரில் பஃபர் இருந்தது. ஆனா கடைசியில இருந்தது. நோய் முத்தின பிறகு மருந்து. அதை ஆம்ப் மேலிருந்து இறக்கி வரிசையில் முதலாவதா வச்சோம். 10 மீட்டர் ஒயரைப் பாதியா வெட்டி, புதுசா ரெண்டு ஜாக் சால்டர் பண்ணி, இப்ப கிட்டாருக்கு 5 மீட்டர் ஒயர். இன்னொரு பாதி ஸ்பேர். இனி பிக்கப் பாக்கறது 5 மீட்டரை மட்டும்தான். கணக்கு: சுமார் 3,500 ஹெர்ட்ஸ். செலவு ரெண்டு ஜாக். வாசிச்சுக் காட்டினான், சிரிப்பு வந்துடுச்சு அவனுக்கு.

ஒரு விதிவிலக்கு. ஃபஸ் ஃபேஸ் மாதிரி பழைய பாணி ஃபஸ் பெடல்கள் பிக்கப்போட நேரடியா சேந்தே வேலை செய்யறவை. நடுவில் பஃபர் வந்தா அதோட குணம் கெட்டுடும். ஃபஸ் முதல்ல, பஃபர் அடுத்து.

நம்ம சங்கீதத்துக்கு இது இன்னும் முக்கியம்னு தோணுது. ராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐஐடியில் படிச்ச பிரசன்னா கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கறதைக் கேளுங்க. எலெக்ட்ரிக் மாண்டலினில் யு. ஸ்ரீநிவாஸ் வாசிச்சதைக் கேளுங்க. ஒரு மீட்டுக்கு ஒரு ஸ்வரம்னு இல்லை. ஒரே மீட்டில் நாலஞ்சு ஸ்வரம் இழையும். கடைசி ஸ்வரம் வர்றப்ப கம்பியோட ஒலி பாதி இறங்கியிருக்கும். அந்த மெல்லிசான வாலை ஒயர் தின்னுடுச்சுன்னா கமகமே போச்சு. சினிமாப் பாட்டு வாசிக்கறவங்களுக்கும் இதே நியாயம்தான்.

பெடல் வரிசை

வடையைச் சுட்டுத் தயிரில் போட்டா தயிர் வடை. தயிரில் போட்டுட்டு எண்ணெயில் போட்டா என்ன ஆகும்? வரிசை மாறினா பண்டமே மாறிடும்.

ஓவர்டிரைவ், ஒலி அலையோட உச்சியை நசுக்கி கரகரப்பு கொடுக்கும். டிலே, அதே ஒலியைத் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும். டிலே முன்னாடி இருந்தா, எதிரொலியும் புது ஒலியும் ஒண்ணாச் சேர்ந்து ஓவர்டிரைவுக்குள்ள போய்க் கூழாயிடும். அதனால பொதுவான வரிசை இது: ஃபஸ், ட்யூனர் அல்லது பஃபர், வா, கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவெர்ப். சட்டம் இல்லை. காதுக்குப் பிடிச்சா மாத்திக்கலாம், ஆனா ஏன் மாத்தறோம்னு தெரிஞ்சு மாத்தணும்.

கரண்ட் கொடுக்கறதுலயும் கவனம் வேணும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, பின்னின் நடுப்பக்கம் நெகடிவ். வீட்ல சும்மா கிடக்கற செட்டாப் பாக்ஸ் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பாசிடிவ். ஜாக் பொருந்துதேன்னு சொருகினா பெடல் போயிடலாம். மில்லி ஆம்பியரையும் கூட்டிப் பாருங்க. ஓவர்டிரைவுக்கு 10, 20 போதும். டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் 100-ஐத் தாண்டும்.

இன்னொண்ணு. ஸ்பீக்கர் ஒயர் வேற, கிட்டார் கேபிள் வேற. ஸ்பீக்கர் ஒயரில் ஷீல்டு கிடையாது. அதைக் கிட்டாருக்குப் போட்டா ஊர்ல இருக்கற ட்யூப்லைட் எல்லாம் ஸ்பீக்கர்ல பாடும். ஷீல்டு ஒயரை ஸ்பீக்கருக்குப் போட்டா, மெல்லிசான நடுக்கம்பி சூடாகி ஆம்ப்புக்கே சேதம்.

எர்த் பின்

இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

சத்தம் தெளிவான பிறகு பையன் போகிற போக்கில் சொன்னான்: "பாடறப்ப மைக் உதட்டுல பட்டா சுருக்குங்குதுண்ணா. பழகிடுச்சு." ஆம்ப் பிளக்கை எடுத்துப் பார்த்தேன். மேல இருக்கற தடிச்ச பின்னைக் காணோம். 'உம்'முனு இரைச்சல் வருதுன்னு யாரோ சொல்லி உடைச்சிருக்கான்.

கிட்டாரின் கம்பிகள் கேபிள் ஷீல்டு வழியா ஆம்ப்பின் உலோக உடம்போட இணைஞ்சிருக்கு. எர்த் இல்லாத ஆம்ப்பின் உடம்பில், கசிவு மின்சாரத்தால் 100 வோல்ட் அளவுகூட நிக்கும். மைக்கின் உலோகத் தலை மிக்ஸர் வழியா எர்த்தோட சேர்ந்திருக்கு. கையில் ஒண்ணு, உதட்டில் ஒண்ணு. நடுவில் இருக்கறது நம்ம நெஞ்சு. கசிவு மட்டும்னா சுருக்குன்னு போகும். ஆம்ப் உள்ளே ஒரு ஒயர் கழண்டு உடம்பில் பட்டா 230 வோல்ட். 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி 1972 மே மாசம் வேல்ஸ் நாட்டில் ஸ்வான்சீ மேடையில் செத்தது, எர்த் சரியா இல்லாத மைக்கைத் தொட்டதால்தான்.

அந்த இரைச்சலுக்குக் காரணம் எர்த் இருந்தது இல்லை, எர்த்துக்கு ரெண்டு வழி இருந்தது. ஆம்ப் ஒரு ப்ளக் பாயிண்டில், மிக்ஸர் மேடைக்கு அந்தப் பக்கம் இன்னொண்ணில், ரெண்டையும் சேர்க்கிற ஆடியோ ஒயர் நடுவில். இது ஒரு வளையம், அதில் 50 ஹெர்ட்ஸ் சுத்தி வரும். ரெண்டையும் ஒரே போர்டிலிருந்து எடுத்தா பெரும்பாலும் அடங்கிடும். அடங்கலைன்னா நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் வச்சு, அதில் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சைத் தட்டணும். அது ஆடியோ ஒயரின் ஷீல்டை மட்டும்தான் வெட்டும், உயிரைக் காக்கிற எர்த்தைத் தொடாது.

திருவிழா மேடை ஜெனரேட்டரில் ஓடினா, எர்த் கம்பி மண்ணில் அடிச்சிருக்கான்னு எலெக்ட்ரீஷியனைக் கேளுங்க. கச்சேரி முடியட்டும் பார்த்துக்கலாம்னு அவர் சொன்னா, எர்த் அடிக்கிற வரைக்கும் கிட்டாரைத் தோளில் மாட்டாதீங்க.

பையனோட ஆம்ப்புக்குப் புது மூணு பின் பிளக் போட்டு, உள்ளே எர்த் ஒயர் பாடி வரைக்கும் போகுதான்னு மீட்டர் வச்சுப் பார்த்தேன். போகுது. சீட்டுப் பணத்தில் ஒரு டிஐ பாக்ஸும், பின் சரியா இருக்கற ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டும் வாங்கச் சொன்னேன். மிச்சம் அவங்க அம்மாகிட்ட. வர்ற ஆடிக்குப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு கச்சேரி இருக்காம். மீட்டரை எடுத்துக்கிட்டு நானும் போறேன்.